நாடிழந்த பீரங்கிக்காரர்

1813ஆம் ஆண்டு. பால்டிக் கடலோரத்து டான்சிக் நகரம் நெப்போலியனின் படை கையில் இருந்தது. ரஷ்ய, பிரஷ்யப் படைகள் அதைச் சூழ்ந்து நின்றன. ஜனவரியில் தொடங்கிய முற்றுகை நவம்பர் கடைசி வரை நீண்டது. பசியும் காய்ச்சலும் கோட்டைக்குள் இருந்தவர்களை வாட்டி எடுத்தன. பீரங்கிக் குண்டுகளோடு இன்னொன்றும் நகரின் மேல் வந்து விழுந்தது. நெருப்பைக் கக்கிக்கொண்டு சீறி வரும், போகிற வழியிலேயே திசை மாறும், விழுந்த இடத்தில் கூரைகளைப் பற்றவைக்கும் காங்கிரீவ் ராக்கெட் அது. கோட்டையைக் காத்து நின்றவர்களில் 19 வயதுப் போலந்து பீரங்கிப்படை அதிகாரி ஒருவரும் இருந்தார். அவர் பெயர் யூசெஃப் பெம்.

அடுத்த 37 ஆண்டுகளில் இந்த மனிதர் வார்சாவிலும் வியன்னாவிலும் ஹங்கேரியிலும் பேரரசுகளை எதிர்த்துப் போரிட்டார். ஒவ்வொரு முறையும் எழுச்சி தோற்றது. ஒவ்வொரு முறையும் அவர் எல்லை கடந்தார். கடைசியில் ஒட்டோமன் பேரரசின் தளபதியாக, முராத் பாஷா என்ற பெயரோடு, சிரியாவின் அலெப்போவில் இறந்தார். ஐரோப்பிய வரலாறு அவரைப் புரட்சித் தளபதி என்று கொண்டாடுகிறது. அது சரிதான், ஆனால் பாதிதான். பெம் முதலில் ஒரு பொறியாளர். அளந்து பார்ப்பது, சோதித்துப் பார்ப்பது, கண்டதைப் படமாக வரைந்து எழுதிவைப்பது அவருடைய இயல்பு. நாடும் பதவியும் உடைமையும் பறிபோன பிறகும் அவரிடம் எஞ்சியது அந்த அறிவு. அவர் வாழ்க்கையின் வியப்பு அங்கேதான் இருக்கிறது.

புள்ளலூரிலிருந்து டான்சிக் வரை

டான்சிக் மேல் விழுந்த அந்த ராக்கெட்டின் வேர் தென்னிந்தியாவில் இருந்தது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரில், கர்னல் வில்லியம் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் முறியடித்தார்கள். மைசூர் ராக்கெட்டுகள் பறந்த களம் அது. கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தது போரின் போக்கையே தீர்மானித்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தக் காட்சியை இன்றும் ஓவியமாகக் காணலாம்.

மைசூர் ராக்கெட்டின் சிறப்பு அதன் இரும்புக் குழல். காகிதத்தாலும் மூங்கிலாலும் செய்த குழல், உள்ளே எரியும் மருந்தின் அழுத்தம் கூடினால் கிழிந்துவிடும். இரும்போ தாங்கும். அதனால் மருந்தை இறுக்கமாக அடைக்க முடிந்தது. உந்துவிசை கூடியது, தூரமும் கூடியது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது பிரிட்டிஷாரிடம் சிக்கிய ராக்கெட்டுகள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. லண்டனை அடுத்த வுல்விச் ஆயுதச் சாலையில் வில்லியம் காங்கிரீவ் ராக்கெட்டுகளைச் செய்து சோதிக்கத் தொடங்கினார். 1806இல் பிரான்சின் பூலோன் துறைமுகத்தையும் 1807இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனையும் அவை எரித்தன.

தாக்கப்பட்டவர்களே அதைக் கற்றுக்கொள்ளவும் முனைந்தார்கள். டென்மார்க்கின் ராணுவ அதிகாரிகள் தங்கள் தலைநகரைச் சுட்ட ராக்கெட்டை ஆராய்ந்து, தாங்களே செய்யக் கற்றார்கள். அவர்களிடமிருந்து ஆஸ்திரியா கற்றது. டான்சிக்கில் தன்னைச் சுட்ட ராக்கெட்டைப் பெம்மும் மறக்கவில்லை.

வார்சாவில் ஒரு சோதனைக்களம்

பெம் 1794 மார்ச் 14 அன்று தார்னூஃப் நகரில் பிறந்தார். அந்த ஊர் 1772இலேயே ஆஸ்திரியாவின் கைக்குப் போயிருந்தது. அவருக்கு ஒரு வயது ஆனபோது, எஞ்சியிருந்த போலந்தையும் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டன. வரைபடத்தில் போலந்து என்ற பெயரே இல்லாமல் போனது. நெப்போலியன் 1807இல் வார்சாவைத் தலைநகராகக் கொண்டு ஒரு சிறு அரசை உண்டாக்கியபோது, போலந்து இளைஞர்கள் அதை விடுதலையின் முதல் படியாக நம்பினார்கள். பெம் அதன் பீரங்கிப் படையில் சேர்ந்தார். 1812இல் நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பில் பங்கேற்றார். அது தோற்றுத் திரும்பிய பிறகுதான் டான்சிக்.

நெப்போலியன் வீழ்ந்த பின், ரஷ்ய ஜார் மன்னனையே அரசனாகக் கொண்ட ஒரு போலந்து 1815இல் உருவாக்கப்பட்டது. அதன் படைக்குத் தலைவர் ஜாரின் தம்பி கான்ஸ்டன்டைன். அந்தப் படையின் பீரங்கிப் பள்ளியில் பெம் ஆசிரியரானார். ராக்கெட் சோதனைகளும் அங்கேதான் நடந்தன. 1819 வரை நடந்த சோதனைகளை அவர் படங்களோடு எழுதி கான்ஸ்டன்டைனிடம் அளித்தார். அது ஜெர்மன் மொழியில் 1820இல் வைமார் நகரில் நூலாகவே வந்தது. காங்கிரீவ் தன் செய்முறையை மறைத்துவைத்திருந்த காலத்தில், ராக்கெட் செய்வது எப்படி என்பதைச் சோதித்து எழுதியது பெரிய காரியம்.

அன்றைய ராக்கெட் அதிகாரிகள் எதிர்கொண்ட சிக்கல்கள் என்ன? தீபாவளிக்கு நாம் விடும் ராக்கெட் வாணத்தைப் பார்த்தாலே போதும். தத்துவம் அதேதான். வெடியுப்பு, கரித்தூள், கந்தகம் சேர்ந்த கரிமருந்து ஒரு குழலில் இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். அது எரியும்போது உண்டாகும் வாயு பின்பக்கமாகப் பீறிட, குழல் முன்னே பாய்கிறது.

முதல் சிக்கல் எரியும் பரப்பு. குழலின் அடிப்பக்கம் மட்டும் எரிந்தால் வாயு போதாது. அதனால் மருந்தின் நடுவே கூம்பு வடிவில் ஒரு துளை விடுவார்கள். தீ அந்தத் துளையின் சுவர் முழுவதும் ஒரே நேரத்தில் பற்றும். வாயு பெருகி, உந்துவிசை பல மடங்காகும். இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. அடைத்த மருந்தில் ஒரு விரிசல் இருந்தால் தீ அதற்குள்ளும் புகும். எரியும் பரப்பு ஒரே கணத்தில் கூடிவிடும். வாயு வெளியேற வழி போதாமல் குழல் வெடித்து, ஏவியவரையே கொல்லும். மருந்தை எவ்வளவு விசையோடு, எத்தனை அடுக்காக இடித்து இறுக்குவது என்பது உயிரைக் காக்கும் கணக்கு.

இரண்டாவது சிக்கல் திசை. வாணத்தில் கட்டிய குச்சி அழகுக்கு அல்ல. ராக்கெட் பக்கவாட்டில் சாயும்போது, பின்னால் நீண்டிருக்கும் குச்சியைக் காற்று அழுத்தித் திரும்ப நேராக்குகிறது. 32 பவுண்டு காங்கிரீவ் ராக்கெட்டின் குச்சி 15 அடி நீளம். ஆனால் அது குழலின் பக்கத்தில் கட்டப்பட்டிருந்ததால் எடை ஒரு புறம் இழுத்தது. பக்கக்காற்று அடித்தால் குச்சியைத் தள்ளி ராக்கெட்டின் மூக்கைக் காற்று வரும் பக்கமே திருப்பிவிடும். மருந்து எரிய எரிய எடையின் மையமும் இடம் மாறும். பிற்காலத்தில் குச்சியை அடிப்பாகத்தின் நடுவில் பொருத்தியதும், 1844இல் வில்லியம் ஹேல் குச்சியே இல்லாமல் சுழன்று பறக்கும் ராக்கெட்டைச் செய்ததும் இந்தச் சிக்கலுக்கான பதில்கள்.

இத்தனை குறை இருந்தும் படைகள் அதை ஏன் விரும்பின? பீரங்கி ஒரு கணத்தில், குழலுக்குள்ளேயே, குண்டுக்கு முழு வேகத்தையும் கொடுத்துவிட வேண்டும். அந்த அதிர்ச்சியைத் தாங்கச் சில நூறு கிலோ எடையுள்ள வெண்கலக் குழல் தேவை. அதை இழுக்கக் குதிரைகள் தேவை. ராக்கெட்டோ தன் உந்துமருந்தைத் தானே சுமந்துகொண்டு போகிறது. பின்னுதைப்பு இல்லை. ஏவுவதற்கு ஒரு இலேசான தாங்கி போதும். போலந்துப் படை ராக்கெட் வீரர்களுக்கென்று தனிப் பிரிவையே அமைத்தது.

ஜாரின் ஆட்சியில் பெம்மால் நிலைக்க முடியவில்லை. தேசபக்த ரகசியச் சங்கத்தோடு தொடர்பு என்று விசாரணை வந்தது, சிறையும் வந்தது. பின்பு படையை விட்டு ஆஸ்திரியப் பகுதிக்குப் போய், நீராவி இயந்திரங்களைப் பற்றிப் படிப்பதிலும் எழுதுவதிலும் மூழ்கினார்.

ஒஸ்த்ரோவென்காவில் தூரத்தின் கணக்கு

1830 நவம்பரில் வார்சா ஜாருக்கு எதிராக எழுந்தது. பெம் திரும்பி வந்து குதிரைப் பீரங்கிப் படையின் ஓர் அணிக்குத் தலைவரானார். இந்தப் பிரிவில் பீரங்கியாளர்கள் எல்லோரும் குதிரைமேல் போவார்கள். பீரங்கியை நாலுகால் பாய்ச்சலில் இழுத்துச் சென்று நிறுத்தி, சுட்டுவிட்டு, எதிரி நெருங்குவதற்குள் இடம் மாறுவது அவர்கள் வேலை.

1831 மே 26 அன்று ஒஸ்த்ரோவென்காவில் ரஷ்யர்கள் நரேவ் ஆற்றைக் கடந்துவிட்டார்கள். போலந்துக் காலாட்படை மீண்டும் மீண்டும் மோதிச் சிதைந்தது. மாலையில், படையே அழிந்துவிடும் என்ற நிலையில், பெம் தன் பீரங்கிகளைப் பாய்ச்சலில் கொண்டுபோய் ரஷ்ய அணிகளுக்கு வெகு அருகில் நிறுத்தினார்.

பார்ப்பவருக்கு அது தற்கொலை. பீரங்கிக்காரருக்கு அது கணக்கு. அன்றைய துப்பாக்கி குறி தப்பாமல் சுடக்கூடிய தூரம் ஏறக்குறைய 100 மீட்டர்தான். சிறு குண்டுகளைத் தகரப் பெட்டியில் அடைத்துச் சுடும் கொத்துக்குண்டோ சில நூறு மீட்டர் வரை பரவிப் பாயும். இந்த இரண்டு தூரத்துக்கும் நடுவே ஒரு குறுகிய இடைவெளி இருக்கிறது. அங்கே நிற்கும் பீரங்கி எதிரியைக் கொல்லும், எதிரியின் துப்பாக்கியால் பீரங்கியை எளிதில் அடக்க முடியாது. அந்த இடைவெளிக்குள் நுழையும் துணிவும், அங்கே நிலைக்கும் ஒழுங்கும், அங்கிருந்து வெளியேறும் வேகமும் ஒன்றுசேர வேண்டும். பெம்மின் அணியிடம் மூன்றும் இருந்தன. ரஷ்ய முன்னேற்றம் நின்றது. போர் தோல்விதான், ஆனால் படை தப்பியது. பெம் தளபதியாக உயர்ந்தார்.

செப்டம்பரில் வார்சா வீழ்ந்தது. அக்டோபரில் எஞ்சிய படை பிரஷ்ய எல்லையைக் கடந்து ஆயுதங்களை ஒப்படைத்தது. பெம் அகதியானார்.

நூறு கட்டங்களில் ஒரு நூற்றாண்டு

தோற்ற நாட்டின் அதிகாரிகளும் கவிஞர்களும் ஆயிரக்கணக்கில் பிரான்சை நோக்கிப் போனார்கள். அகதி வாழ்வில் மனம் கசந்து ஒருவரையொருவர் சந்தேகித்தார்கள். 1833இல் போர்த்துகலின் உள்நாட்டுப் போருக்குப் போலந்து வீரர்களைத் திரட்ட பெம் முயன்றார். அதைத் துரோகமாகக் கருதிய சக அகதி ஒருவர் அவரைத் துப்பாக்கியால் சுட்டார். பெம் உயிர் பிழைத்தார்.

இந்த ஆண்டுகளில் அவர் செய்த இரண்டு வேலைகளை நான் அவருடைய போர்களுக்கு இணையாக மதிக்கிறேன். முதலாவது, 1835இல் பாரிஸில் போலந்து அகதிகளுக்காக அவர் தொடங்கிய தொழில்நுட்பக் கழகம். நாடு திரும்பும் நாள் தெரியாத இளைஞர்கள் வெறுமனே காத்திருக்காமல் பொறியியல் கற்கட்டும் என்பதே அதன் நோக்கம். இரண்டாவது, வரலாற்று ஆண்டுகளை நினைவில் வைக்கும் ஒரு முறை.

அந்த முறையை முதலில் வகுத்தவர் அந்தோனி யாஷ்வின்ஸ்கி என்ற போலந்து ஆசிரியர். பெம் அதைச் செம்மைப்படுத்திப் பிரான்சில் பரப்பினார். ஒரு பெரிய சதுரம். குறுக்கே பத்து, நெடுக்கே பத்து என நூறு கட்டங்கள். ஒரு சதுரம் ஒரு நூற்றாண்டு, ஒரு கட்டம் ஓர் ஆண்டு. வரிசை பத்தாண்டைச் சொல்லும். 1849ஐக் காண வேண்டுமானால் ஐந்தாவது வரிசையில் ஒன்பதாவது கட்டத்துக்குப் போனால் போதும். ஒவ்வொரு கட்டமும் மீண்டும் ஒன்பது சிறு கட்டங்களாகப் பிரியும். சிறு கட்டத்தின் இடம் நிகழ்ச்சியின் வகையைச் சொல்லும். ஓரிடம் போருக்கு, ஓரிடம் அரசின் வீழ்ச்சிக்கு, ஓரிடம் புரட்சிக்கு, ஓரிடம் உடன்படிக்கைக்கு. கடைசி வரிசை பெரியோரின் பிறப்பு, செயல், இறப்புக்கு. கட்டத்தின் நிறம் நாட்டைச் சொல்லும்.

எழுத்தே இல்லாமல் ஒரு நூற்றாண்டு முழுவதும் ஒரே பார்வையில் விரிகிறது. எங்கே போர்கள் அடர்ந்தன, எங்கே அமைதி நிலவியது, எந்த நாட்டின் நிறம் மறைந்து எந்த நாட்டின் நிறம் பரவியது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. வெறும் எண்ணை மறக்கும் மனம், ஒரு பொருள் இருந்த இடத்தை எளிதில் மறப்பதில்லை. அந்த இயல்பின் மேல் கட்டப்பட்ட முறை இது. தரவுகளைப் படமாக்கிப் பார்ப்பது இன்று ஒரு தனித் துறை. அதன் முன்னோடிகளில் இந்தக் கட்டங்களுக்கும் இடம் உண்டு. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கல்வியாளர் எலிசபெத் பீபாடி இந்த முறையைக் கையில் எடுத்தார். 1850இல் நூலாக வெளியிட்டு, வண்ணக் கட்டப் படங்களோடு பள்ளி பள்ளியாகக் கொண்டுபோனார்.

திரான்சில்வேனியாவின் பனி

1848இல் ஐரோப்பா முழுவதும் எழுச்சி பரவியது. அக்டோபரில் வியன்னா மக்கள் பேரரசருக்கு எதிராக எழுந்தபோது, நகரைக் காக்கும் படையின் தலைவர்களில் ஒருவராக பெம் நின்றார். மாதக் கடைசியில் வியன்னா வீழ்ந்தது. அவர் தப்பி, அதே பேரரசரை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த ஹங்கேரிக்குப் போனார். ஹங்கேரியின் தலைவர் கொஷூத் லயோஷ் அவரைத் திரான்சில்வேனியாவின் படைத்தலைவராக்கினார்.

அப்போது அவருக்கு வயது 54. சிறிய உருவம், பழைய காயங்கள். ஹங்கேரிய மொழி தெரியாது. ஏறக்குறைய முழுவதும் எதிரியிடம் போய்விட்ட மலைநாடு, கடும் பனிக்காலம். டிசம்பர் 25 அன்று அவர் கொலோஷ்வார் நகரை மீட்டார். ஜனவரியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் தோற்றார், பீரங்கிகளை இழந்தார். ஒரு விரலை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் பிப்ரவரி 9 அன்று பிஷ்கி பாலத்தில் வென்றார். மார்ச் 11 அன்று எதிரியின் தலைமையிடமான நாட்யசெபென், இன்றைய சிபியு, அவர் வசமானது. ஆஸ்திரியர்களும் துணைக்கு வந்த ரஷ்யர்களும் மலைகளுக்கு அப்பால் விரட்டப்பட்டார்கள்.

இந்த வெற்றிகளுக்கும் அடிப்படை பீரங்கிக்காரரின் அறிவுதான். ஆள்பலம் குறைந்த படை வேகத்தாலும் சுடுதிறனாலும் ஈடுகட்ட வேண்டும். பீரங்கியை எங்கே நிறுத்துவது என்பதை அவரே முடிவு செய்தார், பல நேரம் அவரே குறிபார்த்தார். நாட்யசெபென் வீழ்ந்ததும் பழிவாங்காமல் பொதுமன்னிப்பு அறிவித்தார். ஹங்கேரியரும் ருமேனியரும் ஜெர்மானியரும் கலந்து வாழ்ந்து, அந்த ஆண்டு ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த மண்ணில் அது அரிய செயல்.

அவருடைய துணை அதிகாரிகளில் ஒருவர் ஹங்கேரியின் மாபெரும் கவிஞர் பெட்டோஃபி ஷாண்டோர். இருவரும் பிரெஞ்சில் பேசிக்கொண்டார்கள். கவிஞர் பெம்மைத் தந்தையாகவே போற்றினார். கோடையில் ரஷ்யப் பெரும்படை ஹங்கேரிக்குள் நுழைந்தது. 1849 ஜூலை 31 அன்று ஷெகெஷ்வார் போரில் பெம் தோற்றார். 26 வயதான பெட்டோஃபி அந்தக் களத்தில் மறைந்தார், உடல் கிடைக்கவே இல்லை.

ஆகஸ்ட் 9 அன்று தெமெஷ்வாரில் கடைசிப் பெரும்போர். பெம்மின் பீரங்கிகள் முதலில் ஆஸ்திரியர்களைத் திணறடித்தன. பிறகு குண்டுகள் தீர்ந்தன. இருப்பில் இருந்த வெடிமருந்து முன்பே வேறு ஊருக்கு அனுப்பப்பட்டிருந்தது. பீரங்கிகள் மௌனமாகின. பெம் குதிரையிலிருந்து விழுந்து தோள் முறிந்தது. நான்கு நாள் கழித்து ஹங்கேரிப் படை விலாகோஷில் சரணடைந்தது. அக்டோபர் 6 அன்று ஆராத் நகரில் 13 தளபதிகளை ஆஸ்திரியா கொன்றது.

முராத் பாஷா

பெம் ஒட்டோமன் எல்லைக்குள் தஞ்சம் புகுந்தார். ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அகதிகளை ஒப்படைக்கச் சொல்லி மிரட்டின. சுல்தான் அப்துல்மெஜித் மறுத்தார். பெம் இஸ்லாத்தைத் தழுவினார். சுல்தானின் குடிமகனாகவும் முஸ்லிமாகவும் ஆனவரை வேறு அரசிடம் ஒப்படைக்க முடியாது. ரஷ்யாவுக்கு எதிராக மீண்டும் ஒரு படையில் நிற்கலாம் என்ற நம்பிக்கையும் அவருக்கு இருந்தது. வல்லரசுகளின் அழுத்தத்தால் சுல்தான் அவரை ரஷ்ய எல்லைக்கு வெகு தூரத்தில் இருந்த அலெப்போவுக்கு அனுப்பினார். 1850 இலையுதிர்காலத்தில் அங்கே கலவரம் மூண்டு கிறித்தவக் குடியிருப்புகள் தாக்கப்பட்டபோது, அதை அடக்கி மக்களைக் காத்ததில் பெம்முக்கும் பங்கு உண்டு. டிசம்பர் 10 அன்று காய்ச்சலில் இறந்தார். வயது 56.

1918இல் போலந்து மீண்டும் வரைபடத்துக்கு வந்தது. 1929இல் அவர் உடல் தார்னூஃப் நகருக்குக் கொண்டுவரப்பட்டு, ஒரு குளத்தின் நடுவே தூண்கள் தாங்கும் கல்பேழையில் வைக்கப்பட்டது. அதில் போலந்து, ஹங்கேரி, துருக்கி ஆகிய மூன்று மொழிகளிலும் எழுத்துகள் உண்டு. 1956 அக்டோபர் 23 அன்று புடாபெஸ்ட் மாணவர்கள் சோவியத் ஆதிக்கத்துக்கு எதிராகத் திரண்டது பெம்மின் சிலை முன்புதான். அந்த ஆண்டின் ஹங்கேரிப் புரட்சி அன்றே தொடங்கியது.

இன்றைக்கு அவரிடம் கற்க

பெம் போரிட்ட எழுச்சிகள் எல்லாம் தோற்றன. அதனால் அவரைத் தோற்றவர் என்று சொல்வது தவறு. மைசூரில் உருவான ராக்கெட் பகைவர் கை மாறி லண்டன், டென்மார்க், வார்சா என்று பயணம் செய்தது. அறிவுக்கு எல்லைக் காவல் கிடையாது. அந்த அறிவைச் சுமந்த பெம்மும் அப்படியே பயணம் செய்தார். அகதியாக வருபவரிடம் ஒரு மூட்டைத் துணியை மட்டும் காண்பவர்கள், அவருக்குள் ஒரு ஆசிரியரோ பொறியாளரோ மருத்துவரோ இருக்கக்கூடும் என்பதைக் காணத் தவறுகிறார்கள். நாடிழந்தவருக்குக் கற்கவும் கற்பிக்கவும் வாய்ப்புக் கொடுத்த ஊர்கள் அதனால் இழந்தது எதுவும் இல்லை, பெற்றதுதான் அதிகம்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால், ஒரு பெரிய தாளில் நூறு கட்டம் போடுங்கள். 1901இல் தொடங்கி 2000 வரை எண்ணிடுங்கள். போர்கள், விடுதலைகள், கண்டுபிடிப்புகள், குடும்பத்தில் நடந்த பிறப்புகள் எல்லாவற்றையும் வண்ணம் தீட்டி நிரப்புங்கள். ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்லி அடிப்பதைவிட, இது நல்ல வரலாற்றுப் பாடம்.